குளோரெல்லாவுக்கு ஈஸ்ட்ராடையால்: முதல் சோதனை செய்பவர்களுக்கான வழிகாட்டி

விலங்கு ஹார்மோனை ஒற்றைச் செல் பாசிக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை, காகிதத்தில் மிக எளிது. குடுவையில் பாசி, அதில் கொஞ்சம் ஹார்மோன், மூன்று நாள் வெளிச்சம், கடைசியில் செல் எண்ணிக்கை. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் 'ஹார்மோனின் விளைவு' என்று எழுதி வைப்பதைக் கிளறிப் பார்த்தால், ஹார்மோனைக் கரைக்க ஊற்றிய எத்தனாலோ, குடுவைக்குள் கூடவே வளர்ந்த பாக்டீரியாவோ பல நேரம் வெளியே வரும். அதனால் இந்த வழிகாட்டி ஒப்பீட்டுக் குடுவைகளை, அதாவது ஹார்மோன் இல்லாமல் மற்றதெல்லாம் அதேபோல வைத்த குடுவைகளைப் பற்றித்தான் அதிகம் பேசும். ஹார்மோன் போடுவது ஐந்து நிமிட வேலை.

கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு சோடியைத் தேர்ந்துகொள்வோம்: ஹார்மோன் 17-பீட்டா-ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் பால் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது), பாசி குளோரெல்லா வல்காரிஸ்.

முதலில் எதை எதிர்பார்க்கலாம்

மீனிலோ மனிதரிலோ ஈஸ்ட்ராடையால் செல்லுக்குள் போய் அணுக்கரு ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒன்றில் உட்காருகிறது. அந்த ஏற்பி மரபணுக்களை இயக்குகிறது. இந்த ஏற்பிக் குடும்பம் விலங்குகளுக்கே உரியது. 2007-ல் வெளியான கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டி என்ற பச்சைப்பாசியின் மரபணுத்தொகுதியிலும் சரி, மற்ற பச்சைப்பாசிகளிலும் சரி, அது கிடையாது. ஆகவே 'பாசியின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தூண்டப்பட்டது' என்று அறிக்கையில் எழுத இடமே இல்லை.

ஏற்பி இல்லாவிட்டாலும் மூன்று காரியம் நடக்கலாம். ஒன்று, ஹார்மோன் கொழுப்பை நாடும் மூலக்கூறு என்பதால் தண்ணீரை விட்டுச் செல் சவ்வில் போய் ஒட்டும். ஈஸ்ட்ராடையாலின் ஆக்டனால்–நீர் பங்கீடு (எண்ணெய் போன்ற ஆக்டனாலில் எவ்வளவு, நீரில் எவ்வளவு தங்கும் என்ற விகிதம்) ஏறத்தாழ 10,000-க்கு 1. இரண்டு, செல்லின் நொதிகள் அதை மாற்றும். 17-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் கீட்டோனாக மாறினால் ஈஸ்ட்ராடையால் ஈஸ்ட்ரோன் ஆகிவிடும். குளோரெல்லா வல்காரிஸில் இவை இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறுவதும், ஈஸ்ட்ராடையாலின் மருந்து வடிவமான ஈஸ்ட்ராடையால் வலரேட் மூன்று மணி நேரத்துக்குள் உடைவதும் 2002-லேயே காட்டப்பட்டன. மூன்று, அளவு மிக அதிகமானால் சவ்வு குலைந்து வளர்ச்சி குறையும். இந்த மூன்றாவது, கொழுப்பில் கரையும் எந்தப் பொருளுக்கும் பொதுவானது. ஹார்மோன் என்ற தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 260-ஆம் எண் ஏரிக்கு 2001 முதல் 2003 வரை கோடைகளில் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் (கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை வடிவம்) சேர்த்தார்கள். நீரில் அதன் அளவு லிட்டருக்கு 5–6 நானோகிராம்தான். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனினம் அங்கே ஏறக்குறைய அழிந்தே போனது. மிதவைப்பாசிகளில் நேரடியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஏற்பி இருக்கும் உயிருக்கும் இல்லாத உயிருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆகவே சோதனையில் இரண்டு கேள்விகளைப் பிரித்தே கேட்க வேண்டும். ஹார்மோன் பாசியை என்ன செய்கிறது? பாசி ஹார்மோனை என்ன செய்கிறது? இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் சுவையான விடை கிடைக்கும்.

பாசியும் ஊடகமும்

குளத்து நீரிலிருந்து பிரித்த 'ஏதோ குளோரெல்லா' இந்த வேலைக்கு ஆகாது. வளர்ப்புச் சேமிப்பகம் ஒன்றிலிருந்து எண்ணுள்ள திரிபு (ஒரே வழிவந்த, அடையாளம் தெரிந்த வளர்ப்பு) வாங்குங்கள். கோட்டிங்கன் சேமிப்பகத்தின் 211-11பி என்பது 1889-ல் பெயரிங்க் நெதர்லாந்தில் பிரித்த அசல் குளோரெல்லா வல்காரிஸ். உலகெங்கும் அதன் வழித்தோன்றல்கள் புழக்கத்தில் உள்ளன. திரிபு எண்ணை அறிக்கையில் குறிப்பிட்டால்தான் இன்னொருவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க முடியும்.

ஊடகம், அதாவது பாசி வளரும் சத்து நீர், போல்டின் அடிப்படை ஊடகம். ஆறு உப்புகளையும் தனித்தனியே 400 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வையுங்கள்: சோடியம் நைட்ரேட் 10 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 3 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 3 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 7 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு ஒவ்வொன்றிலும் 10 மி.லி.

அடுத்து, லிட்டருக்கு 1 மி.லி. வீதம் சேர்க்கும் நான்கு கரைசல்கள். அளவுகள் எல்லாம் ஒரு லிட்டர் சேமிப்புக் கரைசலுக்கு:

- ஈடிடிஏ 50 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 31 கிராம்.
- ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 4.98 கிராம், அடர் கந்தக அமிலம் 1 மி.லி.
- போரிக் அமிலம் 11.42 கிராம்.
- நுண்சத்துக் கலவை: துத்தநாக சல்பேட் 8.82, மாங்கனீசு குளோரைடு 1.44, மாலிப்டினம் ட்ரையாக்சைடு 0.71, தாமிர சல்பேட் 1.57, கோபால்ட் நைட்ரேட் 0.49 கிராம்.

900 மி.லி. தண்ணீரை முதலில் வைத்து, கலக்கிக்கொண்டே ஒவ்வொன்றாக ஊற்றி, கடைசியில் ஒரு லிட்டராக்குங்கள். கால்சியம் கரைசலையும் பாஸ்பேட் கரைசலையும் நீர்க்காமல் நேரடியாகச் சேர்த்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். அந்த ஊடகத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். பிஹெச் 6.6 அளவில் இருக்கும். 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள்.

பாக்டீரியா இல்லை என்று உறுதி செய்வது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ஈஸ்ட்ராடையாலை ஈஸ்ட்ரோனாக மாற்றுவது பல மண், நீர் பாக்டீரியாக்களுக்குச் சர்வசாதாரணம். பாசி வளர்ப்பில் பாக்டீரியா இருந்தால், ஹார்மோன் குறைந்ததற்குப் பாசி காரணம் என்று சொல்ல வழியே இல்லாமல் போகும்.

பாசி வளர்ப்பில் கம்பிக் கண்ணியால் ஒரு துளியை எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் கெட்டித் தட்டுகளான சத்து அகாரிலும், சத்துக் குறைந்த ஆர்2ஏ அகாரிலும் கோடாக இழுத்து, இருட்டில் ஒரு வாரம் வையுங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு 'சுத்தம்' என்று எழுத வேண்டாம். பாசியோடு ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் மெதுவாகத்தான் வளரும், சில அகாரில் வளரவே வளராது. அதனால் 1,000 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ணெய் லென்ஸில் நேரிலும் பாருங்கள். பச்சைச் செல்களுக்கு நடுவே துறுதுறுவென்று ஓடும் சிறு கோல்கள் தெரிந்தால் வளர்ப்பு தூய்மையானதல்ல. 1.5 சதவீத அகார் சேர்த்த அதே போல்ட் ஊடகத்தில் திரும்பத் திரும்ப இழுத்து, தனித்து நிற்கும் சிறு குடியிருப்புகளை எடுத்து வளர்ப்பதுதான் சுத்தமாக்கும் வழி. பொறுமை வேண்டும்.

ஹார்மோன் கரைசல்

தூள் ஈஸ்ட்ராடையாலை எடைபோடும்போது நைட்ரைல் கையுறை, முகக்கவசம், புகைப்போக்கி அறை மூன்றும் கட்டாயம். மிகச் சிறிய அளவிலேயே உடலில் வேலை செய்யும் பொருள் இது. தூளாக மூச்சில் போகக்கூடாது, எத்தனாலில் கரைந்த நிலையில் தோலில் படவும் கூடாது. கர்ப்பிணிகள் இந்தப் படியை வேறொருவரிடம் விடுவது நல்லது.

மருந்துக்கடை மாத்திரையை இடித்துக் கரைக்கலாமே என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டாம். கருத்தடை மாத்திரை ஒன்றில் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் சுமார் 30 மைக்ரோகிராம்தான். மிச்சமெல்லாம் லாக்டோஸ், ஸ்டார்ச்சு போன்ற நிரப்பிகளும் இன்னொரு ஹார்மோனும். அந்தச் சர்க்கரையை ஊடகத்தில் போடுவது பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

ஈஸ்ட்ராடையால் தண்ணீரில் லிட்டருக்கு 3.6 மி.கி. அளவுக்கே கரையும். அதனால் சோதனையின் உச்ச அளவை லிட்டருக்கு 1 மி.கி. என்று வைப்போம். அதற்கு மேல் போனால் படிகம் படிந்து, நீங்கள் எழுதும் அளவு வேறாகவும் செல் பார்க்கும் அளவு வேறாகவும் இருக்கும்.

1. 10 மி.கி. ஈஸ்ட்ராடையாலை 1 மி.லி. தூய எத்தனாலில் கரைக்கவும். டெஃப்ளான் உறையுள்ள திருகு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியே வேண்டும். நிறமும் கசப்பும் சேர்த்த தொழிற்சாலை ஸ்பிரிட் ஆகாது.
2. இதிலிருந்து 316 மைக்ரோலிட்டர் எடுத்து 684 மைக்ரோலிட்டர் எத்தனாலில் சேர்க்கவும். இதே படியை இன்னும் மூன்று முறை செய்தால் மி.லி.க்கு 10, 3.16, 1, 0.316, 0.1 மி.கி. என ஐந்து கரைசல்கள் கிடைக்கும்.
3. மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும். திறக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிடவும்; குளிர்ந்த குப்பியைத் திறந்தால் ஈரம் உள்ளே இறங்கும்.

ஒவ்வொரு 100 மி.லி. குடுவைக்கும் இவற்றில் 10 மைக்ரோலிட்டர் போட்டால் லிட்டருக்கு 1,000, 316, 100, 31.6, 10 மைக்ரோகிராம் வரும். எந்தக் குடுவையிலும் எத்தனாலின் அளவு ஒன்றே என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. ஒரே கரைசலை வைத்துக்கொண்டு ஒரு குடுவைக்கு 10, அடுத்ததற்கு 32, அடுத்ததற்கு 100 மைக்ரோலிட்டர் என்று ஊற்றினால், ஹார்மோனோடு சேர்ந்து எத்தனாலும் ஏறும். பிறகு எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோலிட்டர் எத்தனால் 7.9 மி.கி. எடையுள்ளது, 100 மி.லி.யில் அது லிட்டருக்கு 79 மி.கி. ஹார்மோன் உச்சத்தில் இருக்கும் குடுவையிலேயே எத்தனால் அதைப்போல 79 மடங்கு. ஹார்மோன் மிகக் குறைந்த குடுவையில் 7,900 மடங்கு. பாசி நச்சுச் சோதனைக்கான ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) 201 வழிமுறை கரைப்பானுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர். நாம் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறோம், அவ்வளவே.

எத்தனாலே வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. கிருமி நீக்கிய காய்ந்த குடுவையின் அடியில் 10 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, லேமினார் ஃப்ளோவில் (கிருமியற்ற காற்றோட்டப் பெட்டி) அரை மணி நேரம் ஆறவிட்டால் எத்தனால் போய்விடும். பிறகு ஊடகம் ஊற்றி இரவு முழுக்க இருட்டில் குலுக்கியில் வைத்து, மறுநாள் பாசியைச் சேர்க்கலாம். சுத்தமான வழிதான். ஆனால் உச்ச அளவு முழுவதும் கரைந்துவிட்டதா என்று அளந்து பார்க்கும் வசதி இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

குடுவைகளை அடுக்குவது

250 மி.லி. போரோசிலிக்கேட் கூம்புக்குடுவை, அதில் 100 மி.லி. ஊடகம், பஞ்சு அடைப்பு. பிளாஸ்டிக் குடுவையும் ரப்பர் அடைப்பானும் ஸ்டீராய்டை உறிஞ்சும். நைலான் வடிகட்டி அதைவிட மோசம். ஹார்மோன் கரைசலை அதில் வடிகட்டினால் ஹார்மோன் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

ஐந்து அளவுகளுக்கும் மூன்று மூன்று குடுவை, ஆக 15. எத்தனால் மட்டும் போட்டவை 6. எதுவும் போடாதவை 6. மொத்தம் 27. ஒப்பீட்டுக்கு ஏன் இரு மடங்கு என்றால், ஐந்து அளவுகளும் அதே ஒப்பீட்டோடுதான் மோதுகின்றன; அது ஆட்டம் கண்டால் எல்லாமே ஆட்டம் காணும்.

பாசியை ஒவ்வொரு குடுவையிலும் தனித்தனியே விட வேண்டாம். சோதனைக்கு மூன்று நாள் முன்பே, அதே வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஒரு முன்வளர்ப்பைத் தொடங்கி, செல்கள் வேகமாகப் பெருகும் கட்டத்தில் எண்ணுங்கள். மி.லி.க்கு 20 லட்சம் செல் இருந்தால், 15 மி.லி. எடுத்து 3 லிட்டர் ஊடகத்தில் கலந்தால் மி.லி.க்கு 10,000 ஆகும். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே 100 மி.லி. வீதம் பிரித்து ஊற்றுங்கள். குளோரெல்லா நீந்தாது. கலக்கியை நிறுத்தினால் அடியில் இறங்கிவிடும். முதல் குடுவையும் கடைசிக் குடுவையும் சமமாக இருக்காது.

இனி ஹார்மோன். எத்தனால் பிப்பெட் முனையிலிருந்து தானாகச் சொட்டும் குணமுள்ளது. முனையை மூன்று தடவை எத்தனாலால் நனைத்த பிறகு அளந்தால் சொட்டுவது குறையும். கண்ணாடி நுண்சிரிஞ்சு இருந்தால் இன்னும் நல்லது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே, முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி செலுத்துங்கள். மேற்பரப்பில் சொட்டினால் எத்தனால் பரவி, ஹார்மோன் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும்.

வெப்பம் 21 முதல் 24 டிகிரிக்குள் ஒரே நிலையில், வெள்ளை ஒளி 4,440 முதல் 8,880 லக்ஸ் வரை, தொடர்ந்து 72 மணி நேரம், குலுக்கி நிமிடத்துக்கு 100–150 சுற்று. குடுவைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, தினமும் மாற்றி வையுங்கள். விளக்குக்கு நேர்கீழே இருப்பதற்கும் ஓரத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் தேடும் ஹார்மோன் விளைவைவிடப் பெரிதாக இருந்துவிடக்கூடும். வெயில் காலத்தில் மின்தடையால் குளிர்சாதனம் நின்றால் அந்தச் சுற்றைக் கைவிட வேண்டும். பதிவில் அதை எழுதி வையுங்கள்.

எண்ணுவது

இந்த அடர்த்தியில் ஒளியளவி கை கொடுக்காது. மி.லி.க்கு ஒன்றிரண்டு லட்சம் செல் இருக்கும் நீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். 750 நானோமீட்டரில் வரும் எண் கருவியின் தள்ளாட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நியூபார் எண்ணுதட்டும் நுண்ணோக்கியும்தான் வழி.

எண்ணுதட்டின் ஒரு பெரிய சதுரம் 1 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம். அதில் உள்ள செல்லை 10,000-ஆல் பெருக்கினால் மி.லி.க்கு எத்தனை என்று வரும். தொடக்க நாளில் சதுரத்துக்கு ஒரு செல்தான் இருக்கும். அதை எண்ணுவதில் அர்த்தமில்லை. முன்வளர்ப்பை நன்றாக எண்ணி, நீர்த்த கணக்கிலிருந்து தொடக்க எண்ணிக்கையை எடுங்கள். 72-ஆம் மணியில் சதுரத்துக்கு 16 முதல் 20 செல் வரும். தட்டின் இரு பக்கமும் ஒன்பது ஒன்பதாக 18 சதுரம் எண்ணினால் சுமார் 300 செல்லாவது கிடைக்கும். பிழை 6 சதவீதத்துக்குள் வரும். 24-ஆம் மணியில் அதே 18 சதுரத்தில் 45 செல்தான் கிடைக்கும், பிழை 15 சதவீதம். அதனால் முதல் நாள் எண்ணைப் போக்கு காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியில் லூகோல் (அயோடின்) கரைசல் ஒரு துளி விட்டால் செல்கள் மேலும் பெருகாமல் நின்றுவிடும், நிறமும் ஏறும். 400 மடங்கில் பாருங்கள். குளோரெல்லா தாய்ச் செல்லுக்குள்ளேயே 2, 4, 8 எனக் குட்டிச் செல்களை உருவாக்கி, பிறகு சுவரைக் கிழித்து விடுவிக்கும். வெளிவராத குட்டிகள் உள்ள தாய்ச் செல்லை ஒன்று என்றே எண்ணுவது வழக்கம். எந்த விதி வைத்தாலும் எல்லாத் தட்டிலும் ஒரே விதியாக இருக்கட்டும். முடிந்தால் எந்தக் குடுவை எது என்று தெரியாத ஒருவர் எண்ணட்டும்.

வளர்ச்சி வீதம்: கடைசி எண்ணிக்கையின் இயல் மடக்கையிலிருந்து தொடக்க எண்ணிக்கையின் இயல் மடக்கையைக் கழித்து, நாள்களால் வகுக்க வேண்டும். ஒப்பீட்டுக் குடுவை 10,000-லிருந்து 2,20,000 ஆனதாக வைத்துக்கொண்டால் வீதம் நாளுக்கு 1.03. ஹார்மோன் குடுவை 1,60,000 ஆனால் 0.92. செல் எண்ணிக்கையைப் பார்த்தால் 27 சதவீதம் குறைவு. வளர்ச்சி வீதத்தைப் பார்த்தால் 10 சதவீதம்தான். எண்ணிக்கையின் வித்தியாசம் சோதனையை நீட்ட நீட்டப் பெரிதாகிக்கொண்டே போகும், வீதம் அப்படி ஊதாது. அதனால் வீதத்தையே முடிவாகக் கொள்ளுங்கள்.

சோதனை செல்லுபடியாக ஒப்பீட்டுக் குடுவைகளில் பாசி 72 மணி நேரத்தில் குறைந்தது 16 மடங்கு பெருகியிருக்க வேண்டும். குடுவைக்குக் குடுவை சராசரி வீதத்தின் மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) குளோரெல்லாவுக்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிஹெச் தொடக்க அளவைவிட 1.5-க்கு மேல் கூடக்கூடாது. ஏறினால் கார்பன் டைஆக்சைடு போதவில்லை என்று பொருள், குலுக்கலைக் கூட்டுங்கள். ஹார்மோன் குடுவைகளை எத்தனால் ஒப்பீட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். எத்தனால் ஒப்பீடே வெறும் ஒப்பீட்டிலிருந்து விலகி நின்றால், ஹார்மோன் பக்கம் திரும்பும் முன் கரைப்பானைத்தான் சரிசெய்ய வேண்டும்.

செல் எண்ணிக்கை மாறாமல் பச்சை நிறம் மட்டும் மாறலாம். அதைப் பார்க்க 50 மி.லி. வளர்ப்பைக் கண்ணாடி இழை வடிகட்டியில் வடித்து, 3 மி.லி. மெத்தனாலில் 60 டிகிரியில் இருட்டில் பத்து நிமிடம் வையுங்கள். குளோரெல்லாவின் தடித்த சுவர் குளிர்ந்த அசிட்டோனுக்கு முழுக்க வழிவிடாது. தெளிந்த சாற்றை 652, 665.2, 750 நானோமீட்டரில் அளந்து, 750-ன் அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழிக்கவும். குளோரோஃபில் ஏ, மி.லி.க்கு மைக்ரோகிராமில்: 665.2-ன் அளவை 16.29-ஆல் பெருக்கி, 652-ன் அளவை 8.54-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். அதைச் சாற்றின் 3 மி.லி.யால் பெருக்கி, வடித்த 50 மி.லி.யில் இருந்த மொத்தச் செல் எண்ணிக்கையால் வகுத்தால்தான் பேசத்தக்க எண் கிடைக்கும்.

ஹார்மோன் எங்கே போனது

இதற்குத் தனிச் சோதனை தேவை. ஏன் என்று ஒரு கணக்கில் தெரியும். பாசியின் ஒரு கிலோ உலர் எடை, ஒரு லிட்டர் நீரில் உள்ளதைப்போல 1,000 மடங்கு ஹார்மோனைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 மி.கி. பாசி இருக்கும் குடுவையில் 2 சதவீதம்தான் செல்லில் ஒட்டும். லிட்டருக்கு 1 கிராம் இருந்தால் பாதி போய்விடும். வளர்ச்சிச் சோதனையின் மெல்லிய வளர்ப்பில் ஹார்மோன் பெரிதாகக் குறைந்தால், பழி பாசி மீதல்ல, சுவர் மீதோ பாக்டீரியா மீதோ விழ வேண்டும்.

மி.லி.க்கு குறைந்தது 50 லட்சம் செல் இருக்கும் அடர்ந்த வளர்ப்பை எடுத்து, லிட்டருக்கு 1 மி.கி. ஈஸ்ட்ராடையால் போடுங்கள். கீழ்க்காணும் வகைகளில் மூன்று மூன்று குடுவை:

- உயிருள்ள பாசி, வெளிச்சத்தில்.
- உயிருள்ள பாசி, இருட்டில், அலுமினியத் தாள் சுற்றி.
- கொன்ற பாசி, வெளிச்சத்தில்.
- பாசியே இல்லாத ஊடகம், வெளிச்சத்தில்.
- பாசி வளர்ந்த நீரை 1.2 மைக்ரான் கண்ணாடி இழையில் வடித்தது.
- அதே நீரை 0.2 மைக்ரானில் வடித்தது.

கடைசி இரண்டும் சேர்ந்து ஒரு பொறி. 1.2 மைக்ரான் வடிகட்டி பாசியைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவில் கணிசமானதை விட்டுவிடும்; 0.2 மைக்ரான் இரண்டையும் பிடிக்கும். முதலதில் மட்டும் ஈஸ்ட்ரோன் உருவானால் குற்றவாளி பாக்டீரியா. இரண்டிலும் உருவானால் பாசி வெளியே விட்ட நொதியையோ வேதிவினையையோ தேட வேண்டும். கொன்ற பாசிக்கு ஆட்டோகிளேவ் வேண்டாம். செல் வெடித்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டும், ஒட்டும் பரப்பே வேறாகிவிடும். 60–65 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, கொஞ்சத்தைப் புது ஊடகத்தில் விட்டு, வளரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

0, 1, 3, 6, 24, 48 மணிகளில் 2 மி.லி. எடுத்து, கண்ணாடிக் குழாயில் மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்தெடுங்கள். மேல்நீரில் சம அளவு அசிட்டோநைட்ரைல். அடிப்படிவை 1 மி.லி. மெத்தனாலில் தனியே சாறெடுக்கவும். ஹெச்பிஎல்சியில் (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) சி18 நிரல், அசிட்டோநைட்ரைலும் நீரும் பாதிக்குப் பாதி, நிமிடத்துக்கு 1 மி.லி. ஈஸ்ட்ராடையால் முன்னே வரும், ஈஸ்ட்ரோன் பின்னே வரும். ஒளிர்வு அளவியை 280-ல் தூண்டி 310-ல் படித்தால் ஈஸ்ட்ராடையால் நன்றாகத் தெரியும். ஈஸ்ட்ரோன் அதில் மங்கல், அதற்கு 280 நானோமீட்டர் புற ஊதா அளவியைப் பாருங்கள். இரண்டுக்கும் தரக்கரைசல் ஓட்டாமல் எந்த முகட்டுக்கும் பெயர் வைக்காதீர்கள்.

கடைசியில் காலியான குடுவைச் சுவரை எத்தனாலால் கழுவி அதையும் அளக்க வேண்டும். நீரில் உள்ளது, செல்லில் உள்ளது, சுவரில் உள்ளது, ஈஸ்ட்ரோனாக மாறியது: நான்கையும் கூட்டினால் போட்ட அளவுக்கு அருகில் வரவேண்டும். பெரிய துண்டு விழுந்தால் 'பாசி சிதைத்தது' என்று எழுதும் முன், அளவீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். நீரில் குறைந்து செல்லில் கூடினால் அது வெறும் ஒட்டல். கொன்ற பாசியிலும் அதேபோல நடந்தால் உறுதி. உயிருள்ள பாசியில் மட்டும் ஈஸ்ட்ரோன் வந்து, வடித்த நீர்களில் வராவிட்டால் செல்லின் நொதி வேலை செய்திருக்கிறது.

வேறு ஹார்மோன்களுக்குப் போனால்

அட்ரினலின் போட்ட குடுவை சில மணி நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறினால் அது பாசியின் பதில் அல்ல. ஊடகத்தின் இரும்பும் தாமிரமும், ஒளிச்சேர்க்கையால் ஏறும் பிஹெச்சும் சேர்ந்து அட்ரினலினை அட்ரினோக்ரோமாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டன. வழியில் உருவாகும் சூப்பராக்சைடு செல்லைத் தாக்கும். பாசி இல்லாத குடுவை ஒன்று பக்கத்தில் இருந்தால் இது உடனே பிடிபடும்.

இன்சுலின் நடுநிலை நீரில் எளிதில் கரையாது, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அதே அமிலத்தை மட்டும் போட்ட ஒப்பீடும் வையுங்கள். 5,800 டால்டன் புரதம் குளோரெல்லாவின் சுவரைக் கடப்பதே சந்தேகம். சுவர் குறைந்த கிளாமிடோமோனாஸ் திரிபான சிடபிள்யூ15 இதற்குப் பொருத்தம். ஒற்றைச் செல் உயிரும் இன்சுலினும் என்று தேடினால் புடாபெஸ்டைச் சேர்ந்த ஜார்ஜ் சாபாவின் ஆய்வுகள் நிறைய வரும். அவற்றில் பெரும்பாலானவை டெட்ராஹைமினா மேல் செய்தவை. அது சுவரில்லாத குற்றிழை உயிரி, பாசியல்ல. அந்த முடிவுகளை அப்படியே குளோரெல்லாவுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது.

தைராக்சினின் எடையில் 65 சதவீதம் அயோடின். ஆகவே அதே அளவு அயோடின் தரும் பொட்டாசியம் அயோடைடு போட்ட ஒப்பீடு இல்லாமல் தொடங்காதீர்கள்.

மெலடோனின் கதையே வேறு. கடலில் ஒளிரும் சுழல்கசையுயிரி லிங்குலோடினியம் பாலிஎட்ரா அதைத் தானே உற்பத்தி செய்கிறது. 15 டிகிரிக் குளிரில் மெலடோனின் கொடுத்தால் உறைகட்டி ஓய்வு நிலைக்குப் போகிறது என்று 1991-ல் பால்சர், ஹார்டெலாண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். விலங்கு ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்த ஒன்று பாசிக்கு உண்மையான சமிக்ஞையாக இருக்கும் அரிய இடம் இது. ஆனால் இந்த உயிரிக்குக் கடல்நீர் ஊடகமும் கச்சிதமான பகல்–இரவு நேரக் கட்டுப்பாடும் வேண்டும், குலுக்கலையும் தாங்காது. குளோரெல்லாவில் கை பழகிய பிறகு வாருங்கள்.

கழிவு

ஹார்மோன் போட்ட எந்த நீரையும் கழுவுதொட்டியில் கொட்டக்கூடாது. லிட்டருக்கு 1 மி.கி. என்பது 260-ஆம் ஏரியில் மீனை அழித்த அளவைப்போல ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு. ஆட்டோகிளேவ் பாசியைக் கொல்லும், ஸ்டீராய்டை அழிக்காது. எல்லா நீரையும், குடுவை கழுவிய எத்தனாலையும் பெயரொட்டிய கேனில் சேர்த்து, எரிப்புக்கு எடுத்துச் செல்லும் அபாயக் கழிவு முகவரிடம் கொடுங்கள். பிப்பெட் முனைகளும் கையுறைகளும் அதே வழி. குடுவைகளை எத்தனாலால் இரண்டு முறை கழுவிய பிறகே சோப்புக்குப் போடுங்கள். ஹார்மோனுக்குப் பயன்படுத்தியவற்றில் அழியாத மையால் குறியிட்டு, அடுத்த சுற்றின் ஒப்பீட்டுக் குடுவைகளோடு கலக்காமல் தனித் தட்டில் அடுக்குங்கள்.